பூஜ்யம் பார்த்தல்

ரிச்சி தெருவில் ஏழாயிரத்து எண்ணூறு சொன்னான்.
ஆறாயிரத்து முந்நூறுக்கு இறங்கினான்.
பில் கேட்டேன், சிரித்தான்.
கேரண்டி?
கடை வாசப்படி வரைக்கும்.

ஏர்கன் முதுகில் வைத்து
இரண்டு திருகாணி முறுக்கினதும்
துப்பாக்கிக்குத் திமில் வந்துவிட்டது.
"இன்னாடா, மாட்ட ஓட்டினு வந்துக்கீற" என்றான் எபிநேசர்.

கொருக்குப்பேட்டையில் பருப்பு கோடவுன்.
முதலாளி பேச்சு:
பெருச்சாளி ஒன்றுக்கு எண்பது ரூபாய்,
வாலைக் காட்டினால் காசு.

பகலிலேயே பூஜ்யம் பார்த்தோம்.
இருபது மீட்டரில் பிஸ்கட் அட்டை,
நடுவே பேனாப் புள்ளி.
முதல் குண்டு நாலு விரல் இடது.
திருகினேன்; மூன்று விரல் மேலே.
திருகித் திருகி
பதினாறாவது புள்ளியைத் தின்றது.
பதினேழாவது அட்டையிலேயே இல்லை.
"பூஜ்யம் உனக்குத்தான்" என்றான்.

ராத்திரி பதினொன்றுக்கு விளக்கை அணைத்துப்
பொத்தானை அமுக்கினேன்.
கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் புறப்பட்டுப் போனதாகத்
திரைதான் சொன்னது.
எதிரே நின்று பார்த்தால் மட்டும்
பீடிக்கங்கு அளவு சிவப்பு.

மிளகாய் மூட்டையும் சாம்பல், துவரையும் சாம்பல்.
எபியின் கறுப்புச் சட்டை வெள்ளைவெளேரென்று.
எட்டிப் பார்த்துத் தன் கையை ஆட்டிப் பார்த்தான்.
"செத்துட்டனாடா?"
கை நின்ற பிறகும் திரையில் ஆடியது.

அதுதான் சிக்கல்.
படம் அரை நொடி பிந்தி வருகிறது.
நான் பார்க்கும் பெருச்சாளி
அரை நொடிக்கு முந்தைய பெருச்சாளி.
சுட்டேன். அது இருந்த இடத்தைச் சரியாகச் சுட்டேன்.
மூட்டை பொத்தலாகிப் பருப்பு ஒழுகியது
வெகுநேரம்,
யாரோ எண்ணி எண்ணிக் கொடுப்பதுபோல.

தூரம் பார்க்கலாமென்று பின்கதவைத் திறந்தோம்.
அப்பால் குட்ஸ் யார்டு.
பெட்டியில் அச்சடித்தது இருநூறு மீட்டர்,
கடைக்காரன் சொன்னது முந்நூறு,
உள்ளபடி அறுபது.
அதுவும் மணலிக் காற்று இந்தப் பக்கம் திரும்பாதவரை.
திரும்பினால் திரை முழுக்கப் பால்.

வேகன் சக்கரத்தடியில் இரண்டு பொட்டு மின்னியது. பூனை.
தண்டவாளத்தின் மேல் இரண்டு. நாய்.
உயிரென்றால் மின்னும் என்று
விரல் அதற்குள் பாடம் பண்ணிக்கொண்டது.

மின்னாத ஒன்று குனிந்திருந்தது.
சாக்கு உயரம்.
தரையைச் சுரண்டியது, நகர்ந்தது, மறுபடி சுரண்டியது.
"பெருசுடா."
"பன்னியா?"
குறுக்குக்கோடு அதன் நடுவில் போய் உட்கார்ந்தது.
இத்தனை நேரத்தில்
முதல்முறையாக எதுவும் ஆடவில்லை.

அது நிமிர்ந்து
இடுப்பில் கைவைத்தது.
முந்தானையால் முகம் துடைத்தது.
காலடியில் முறம்.
வேகன் கசிந்த அரிசியை
ஜல்லியோடு சேர்த்துக் கூட்டுகிறவள்.

அரை நொடிக்கு முந்தைய அவள்மேல்
என் விரல்.
அது எப்போது உள்ளே போயிற்று என்று
எனக்கு இன்னும் தெரியாது.

அவள் இந்தப் பக்கம் திரும்பினாள்.
கங்கைப் பார்த்துவிட்டாள்.
"யாருபா அது, பீடி குடிக்கிறது?
ஆயில் வண்டி நிக்குது, கண்ணு தெரியல?
அணை மொதல்ல."

அணைத்தேன்.
அதன்பின் அவள் இல்லை, வேகன் இல்லை.
துடைப்பச் சத்தம் மட்டும்
கொஞ்சமும் பிந்தாமல் வந்துகொண்டிருந்தது.
எபி குண்டை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.
ஒன்றும் சொல்லவில்லை; அவனுக்கு அது புதுசு.

கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன்:
பாட்டரி ஒரு மணி நாற்பது நிமிடம்.
ரப்பர் கண்மூடி வியர்வையில் வழுக்கும்.
பணத்துக்குப் பரவாயில்லை.

காலையில் முதலாளி முன்னால் இரண்டு வால் வைத்தோம்.
நூற்று அறுபது கொடுத்தார்,
ஒழுகின பருப்புக்கு நூறு பிடித்துக்கொண்டார்.
இரண்டில் ஒன்று
பூனை அடித்துப் போட்டது.